விமர்சனத்தை ஃப்ரேம் போட்டு மாட்டவா, கிழிச்சுப் போடவா?

வாசகர் கேள்வி பதில்

ஜனவரி புத்தகக் காட்சியில வாங்கின புக்கையெல்லாம் ஜனங்க படிச்சு முடிக்கிறது மார்ச், ஏப்ரல்லதான், அதனால விமர்சனமும் அப்பதான் வரும், அது பின்னாடியே எழுத்தாளருங்க கடுதாசியும் எனக்கு வந்து சேர்ந்துடும். இந்தத் தடவை ரொம்பவே ஜாஸ்தி. மாமியார் கேள்வி, முடி கொட்டற கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கே: அக்கா, என்னோட முதல் நாவல் டிசம்பர் கடைசில வந்துச்சு. எங்க ஊரு பூட்டுப் பட்டறைங்களைப் பத்தினது. எங்கப்பா மாங்காய்ப் பூட்டு செய்யறதுல கை தேர்ந்த ஆளு, அந்த வாழ்க்கைய எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. வெளியீட்டு விழாவுல பேசின அஞ்சு பேரும் ஆகா ஓகோன்னாங்க, ஒருத்தர் "தமிழ் நாவலுக்கு இனிமே திண்டுக்கல்தான் தலைநகரம்"னே சொல்லிட்டாரு. போன வாரம் ஒரு சிற்றிதழ்ல ஆறு பக்கத்துக்கு விமர்சனம். "இது நாவல் இல்லை, மாவட்டத் தொழில் மையம் போடுகிற கையேடு"ன்னு ஆரம்பிக்குது. "முதலாளியும் அரம் போடுகிற பையனும் டீக்கடைக்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அந்தக் குரல் ஆசிரியருடையது"ன்னு நடுவுல. "நூறு பக்கம் தாண்டியதும் ஆசிரியருக்கே கதையில் ஆர்வம் போய்விட்டது"ன்னு முடியறப்போ. தூக்கம் போச்சு அக்கா. பட்டறையில இருக்கறவங்க மூஞ்சில முழிக்க முடியல, அவங்க யாரும் அந்த இதழைப் பார்த்திருக்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்சும். பதில் எழுதி வச்சிருக்கேன், விமர்சனத்தை விட நீளமா வந்திருக்கு. அனுப்பட்டுமா, இல்ல எழுதறதையே விட்டுடட்டுமா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

ப: ரெண்டுமே வேண்டாம் தம்பி. அந்தப் பதிலை அனுப்பாதீங்க, அழிக்கவும் அழிக்காதீங்க, உங்க மெயிலுக்கே உங்களுக்கு நீங்களே அனுப்பி வச்சுட்டு வேலையைப் பாருங்க.

மொதல்ல அந்த வெளியீட்டு விழாவைப் பேசிடுவோம், ஏன்னா உங்க வலியில பாதி அங்கருந்துதான் வருது. நம்ம ஊர்ல புத்தக வெளியீடு எப்படி நடக்கும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். புக்கு பிரஸ்ல இருந்து முந்தின நாள் சாயந்திரம்தான் வரும், அட்டையில பசைகூட சரியா காஞ்சிருக்காது, மேடையில பேசறவங்க பஸ்ல வரும்போது முன்னுரையையும் பின்னட்டையையும் நடுவுல ஏதோ ரெண்டு அத்தியாயத்தையும் புரட்டியிருப்பாங்க, அப்புறம் பொன்னாடை, அப்புறம் உங்க உழைப்பு, உங்க எளிமை, உங்க அப்பாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை, குரூப் போட்டோ. அதைத் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. கல்யாண வீட்டு மொய் மாதிரி அது, இன்னைக்கு அவரு உங்களுக்கு எழுதறாரு, நாளைக்கு அவரு வீட்டு விசேஷத்துக்கு நீங்க போய் எழுதணும். ஆனா முதல் புக்கு போட்டவங்க மேடையில கேட்டதை அப்படியே நம்பிடறாங்க, "தலைநகரம்"ங்கற வார்த்தையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரி படுக்கும்போதும் நினைச்சுப் பார்க்கறாங்க. அதுக்கப்புறம் வர்ற முதல் நிஜ வார்த்தை, அது எவ்வளவு சாதாரண வார்த்தையா இருந்தாலும், கன்னத்துல அறைஞ்ச கணக்குலதான் விழும். அந்த விமர்சகர் உங்க நாவலோட மட்டும் சண்டை போடல, அவருக்கே தெரியாம அந்த மேடையோடயும் சேர்த்து சண்டை போட்டிருக்காரு.

இப்போ இன்னொண்ணு யோசிங்க. நூறு பக்கம் தாண்டினதும் தொய்யுதுன்னு ஒருத்தர் சொல்றாருன்னா அவரு நூறு பக்கம் தாண்டியிருக்காரு. அரம் போடற பையன் எப்படிப் பேசறான்னு குறை சொல்றாருன்னா அந்தப் பையன் அவருக்கு ஞாபகம் இருக்கான். மேடையில பேசின அஞ்சு பேருல எத்தனை பேருக்கு அப்படி ஒரு பையன் கதையில இருக்கறதே தெரியும்? ஆறு பக்கம் எழுதறது சும்மா வேலை இல்ல, சிற்றிதழ்ல அதுக்குக் காசும் கிடையாது, உங்களை அவருக்கு முன்னபின்ன தெரியவும் தெரியாது. இதுவரைக்கும் உங்க நாவலை முழுசா படிச்சேன்னு ஆதாரத்தோட சொன்ன ஒரே ஆளு அவருதான்னு எனக்குத் தோணுது. கேக்க கசப்பாத்தான் இருக்கும்.

அந்த ஆறு பக்கத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. பேனாவை எடுத்து நக்கல் எல்லாத்தையும் அடிச்சுடுங்க. தொழில் மையக் கையேடுங்கறது நக்கல், அடிங்க (நல்ல நக்கல்தான், படிச்சப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு). ஆசிரியருக்கே ஆர்வம் போச்சுன்னா, உங்க மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும், அதையும் அடிங்க, ஆனா "நூறு பக்கம் தாண்டியதும்"ங்கறதை மட்டும் விட்டு வையுங்க. இப்படி அடிச்சுக்கிட்டே வந்தா, நீங்க அனுப்பினதை வச்சுப் பார்த்தா மிச்சம் நிக்கறது ரெண்டு புகார்தான். எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க. பின்பாதி தொய்யுது. அவ்வளவுதான்.

முதல் புகாரை வீட்டுலயே சோதிச்சுப் பார்த்துடலாம். நாலு பேர் பேசற ஒரு பக்கத்தை எடுத்து, யார் சொன்னாங்கங்கற இடத்தையெல்லாம் மறைச்சுட்டு, பட்டறையில இருக்கற ஒரு பெரியவர்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. "இது மொதலாளி, இது பொடியன்"னு அவரு டக்குனு சொல்லிட்டாருன்னா அந்த விமர்சகர் காதுல உங்க ஊருப் பேச்சு விழலைன்னு அர்த்தம், அதைப் போய் யார்கிட்டயும் நிரூபிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். பெரியவரும் முழிச்சாருன்னா, பொடியன் வாயில "உற்பத்திச் செலவு", "சந்தை நிலவரம்"னெல்லாம் வந்து விழுந்தா, நீங்க பேட்டி எடுத்து வச்சிருந்த நோட்டுல இருந்து அப்படியே இறக்கியிருக்கீங்க, அது அடுத்த நாவலுக்குத் தெரிஞ்சாகணும்.

ரெண்டாவது புகார் ரொம்பப் பழைய புகார். 13ஆம் நூற்றாண்டுல நன்னூல் எழுதின பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு ஆகாத குற்றம்னு பத்து அடுக்கி வச்சிருக்காரு, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல்னு போகும் அந்த லிஸ்ட். அதுல "மற்றொன்று விரித்தல்"னு ஒண்ணு உண்டு, சொல்ல வந்ததை விட்டுட்டு வேற எதையோ விரிச்சுக்கிட்டே போறது. "சென்று தேய்ந்து இறுதல்"னு ஒண்ணு உண்டு, போகப் போகத் தேய்ஞ்சு கடைசில ஒண்ணுமில்லாம நிக்கறது. பூட்டு எப்படி செய்யறாங்கன்னு பக்கம் பக்கமா விளக்கினதுதான் கையேடுன்னு திட்டு வாங்கியிருக்கு, அது முதல் குற்றம், நூறு பக்கம் விஷயம் ரெண்டாவது குற்றம். பத்துக்கு ரெண்டு. இந்தக் குற்றத்தை எல்லாம் இத்தனை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் உட்கார்ந்து வரிசைப்படுத்தியிருக்காருன்னா எத்தனை பேர் இதைப் பண்ணியிருப்பாங்கன்னு யோசிங்க, உங்களுக்காகத் தனியா கண்டுபிடிச்ச குற்றமா அது?

தண்டனையும் இப்போ எவ்வளவோ தேவலை. படிக்காசுப் புலவர் பேர்ல ஒரு தனிப்பாடல் இருக்கு, தப்பா பாடறவன் தலையில குட்டறதுக்குப் பிள்ளைப்பாண்டியன் இப்போ இல்ல, காதைக் குடைஞ்சு அறுக்கறதுக்கு வில்லி இல்ல, குடுமியை முடிஞ்சு போட்டுத் தலையை வெட்டறதுக்கு ஒட்டக்கூத்தன் இல்ல, அதனால எவன் வேணா புலவன்னு சொல்லிக்கிட்டு ஊர் சுத்தலாம்னு அவரு அங்கலாய்க்கறாரு. உங்க காது ரெண்டும் பத்திரமாத்தான் இருக்கு.

விட்டுடட்டுமான்னு கேட்டீங்களே. 1896 அக்டோபர்ல பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்ய எழுத்தாளர் செகாவோட நாடகம் ஒண்ணு மொத நாளே படு தோல்வி, பார்க்க வந்தவங்க சோகமான இடத்துலயெல்லாம் சிரிச்சாங்க, மனுஷன் பாதியிலயே அரங்கத்தை விட்டு எழுந்து போய் இனிமே நாடகமே எழுத மாட்டேன்னு சொல்லிட்டாரு. 1898ல மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் அதே நாடகத்தைப் போட்டப்போ ஊரே கொண்டாடுச்சு, அதுக்கப்புறம் அவரு எழுதின நாடகங்களைத்தான் இன்னைக்கும் உலகம் பூரா போட்டுக்கிட்டு இருக்காங்க. இங்கிலாந்து நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி நிஜமாவே விட்டாரு. 1895ல வந்த அவரோட நாவலை ஒரு பிஷப்பு நெருப்புல தூக்கிப் போட்டேன்னு பேப்பருக்கே எழுதினாரு, ஹார்டி அதோட நாவலுக்கு முழுக்கு போட்டுட்டாரு. ஆனா 1928ல சாகற வரைக்கும் கவிதை எழுதிக்கிட்டேதான் இருந்தாரு. உங்க கடுதாசியைப் பார்த்தா நீங்க பேசாம இருக்கற ரகம் இல்ல, அதனால இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸா எடுத்துக்கல நான்.

கே: விமர்சனத்துக்குப் பதில் சொல்லாதீங்க, கம்முனு இருங்கன்னே எல்லாரும் சொல்றீங்க. அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையா? தப்பா சொன்னா தப்புன்னு சொல்ல வேண்டாமா?
(சிறுகதை எழுதுபவர், குரோம்பேட்டை)

ப: சொல்லலாமே. நீங்க எழுதாத ஒரு வரியை எழுதினதா சொல்லியிருந்தா, ஊர்ப் பேரு, வருஷம் தப்பா போட்டிருந்தா, ஆசிரியருக்கு ரெண்டே வரியில கடிதம் போடுங்க, "இன்ன பக்கத்துல இப்படித்தான் இருக்கு, பார்த்துக்கங்க"ன்னு. மூணாவது வரி எழுதினா அதுல உங்க கோபம் வந்துடும், அதைத்தான் எல்லாரும் படிப்பாங்க.

வேற ரெண்டு வழியும் உண்டு. உங்க புக்கைத் தாண்டி நாவல்னா என்ன, கதைன்னா என்னன்னு உங்களுக்கு ஒரு கருத்து இருந்தா அதை எழுதுங்க. இங்கிலாந்து நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃபோட பாத்திரங்கள் மனசுல நிக்க மாட்டேங்குதுன்னு ஆர்னால்ட் பென்னட்ங்கற நாவலாசிரியர் 1923ல எழுதினாரு, அவரு அப்போ பெரிய தலை. அந்தம்மா "என் பாத்திரம் நிக்கும்"னு வாதாடிக்கிட்டு இருக்கல, ஒரு மனுஷியை நாவல்ல எப்படிக் கொண்டு வரணும், பென்னட் தலைமுறை வீடு, வாடகை, சட்டை பட்டன்னு வெளியிலயே சுத்திக்கிட்டு ஆளைக் கோட்டை விடுதேன்னு ஒரு கட்டுரையா எழுதினாங்க. அது இன்னைக்கும் காலேஜ்ல பாடம், பென்னட் நாவலை விட அதை அதிகம் பேர் படிச்சிருப்பாங்க, பாவம்.

இன்னொரு வழி நம்ம ஜெயகாந்தன் வழி. 1966ல ஆனந்த விகடன்ல 'அக்கினிப் பிரவேசம்' கதை வந்தப்போ, கெட்டுப் போனதா ஊர் சொல்லக்கூடிய பொண்ணு தலையில அம்மா தண்ணியை ஊத்தி "நீ சுத்தமாயிட்டே"ன்னு சொல்ற அந்த முடிவுக்கு என்ன எதிர்ப்பு, எத்தனை கண்டனம். அவரு என்ன பண்ணாரு? சரி, அந்தம்மா அப்படிச் சொல்லாம, நீங்கல்லாம் எதிர்பார்க்கற மாதிரியே கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணு கதி என்ன ஆகியிருக்கும்னு ஒரு முழு நாவலா எழுதிக் காட்டினாரு, அதுக்குள்ள அந்தக் கதையை எழுதின எழுத்தாளரையே ஒரு பாத்திரமா உலாவ விட்டாரு. 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972ல சாகித்ய அகாடமி விருது. எதிர்ப்பு தெரிவிச்சவங்களுக்கு இதைவிட வக்கணையா யாரும் பதில் சொன்னதில்ல.

பண்ணக் கூடாததுக்கும் உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல ரிச்சர்ட் ஃபோர்ட் 1986ல ஒரு நாவல் போட்டாரு, ஆலிஸ் ஹாஃப்மேன்னு இன்னொரு நாவலாசிரியை அதைக் கடுமையா விமர்சிச்சாங்க. ஃபோர்டும் அவரு மனைவியும் என்ன பண்ணாங்கன்னா ஹாஃப்மேனோட புக்கைக் கொல்லைப்புறத்துல வச்சு துப்பாக்கியால சுட்டாங்க. அதை அவரே பேட்டியில சொல்லியிருக்காரு, அவங்களையா சுட்டேன் புக்கைத்தானே சுட்டேன்ங்கற தோரணையில. சரி, ஹாஃப்மேனாவது பாடம் கத்துக்கிட்டாங்களான்னா, 2009ல அவங்க புக்குக்கு ஒரு சுமாரான விமர்சனம் வந்ததும் (ரொம்ப மோசம்கூட இல்ல) விமர்சகரோட போன் நம்பரை ட்விட்டர்ல போட்டு, கூப்பிட்டுக் கேளுங்கன்னு வாசகர்களைக் கிளப்பி விட்டாங்க. அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. வாங்கினப்போ அதே கைதான், குடுத்தப்போ அதே கைதான்.

கே: என் கணவர் கவிதைத் தொகுப்பு போட்டிருக்கார். ஆன்லைன்ல யாரோ ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் குடுத்து "காகிதம் வீண்"னு எழுதிட்டாங்க. அதுல இருந்து வேற வேற பேர்ல ஐடி போட்டு அவரே அஞ்சு ஸ்டார் போட்டுக்கறார். என் சித்தப்பா பொண்ணு பேர்லகூட ஒரு ஐடி. அவ கேட்டா நான் என்ன சொல்றது? சரியா சாப்பிடறதும் இல்ல, பையன்கிட்ட எரிஞ்சு விழறார்.
(இல்லத்தரசி, கோவை)

ப: அந்தச் சித்தப்பா பொண்ணு ஐடியை இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்கம்மா. அது அவர் கவலை இல்ல, அந்தப் பொண்ணோட பேரு. மத்ததையும் எடுக்கறது நல்லது, ஏன்னா கள்ள ஐடி எப்பவும் மாட்டிக்கும். எல்லா ஐடியும் "மிக மிக அருமை"ன்னு எழுதி மூணு ஆச்சரியக்குறி போடும், எல்லாமே ஒரே கவிதையைத்தான் மேற்கோள் காட்டும், ஒற்றுப்பிழைகூட ஒரே இடத்துல விழும். எனக்கு வர்ற கடுதாசியிலயே நான் கண்டுபிடிச்சுடுவேன்.

அவருகிட்ட நீங்க மொதல் ஆளு இல்லைன்னு சொல்லுங்க, கொஞ்சம் சிரிப்பாரு. வால்ட் விட்மன் 1855ல சொந்தச் செலவுல கவிதைத் தொகுப்பு போட்டுட்டு, பேரு போடாம தன் புக்குக்குத் தானே விமர்சனம் எழுதிக்கிட்டாரு, "கடைசியா ஒரு அமெரிக்கக் கவிஞன் வந்துட்டான்"ங்கற ரேஞ்சுல. ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு. ஆனா அதே மனுஷன் அடுத்த வருஷம் வந்த பதிப்போட பின்னால, தன்னைத் திட்டி வந்த விமர்சனங்களையும் சேர்த்தே அச்சடிச்சாரு. உங்க வீட்டுக்காரரு முதல் வேலையை மட்டும் எடுத்துக்கிட்டாரு, ரெண்டாவது வேலையையும் பண்ணச் சொல்லுங்க, அந்த "காகிதம் வீண்"ஐ அவரே தன் பக்கத்துல ஷேர் பண்ணட்டும். பாருங்க, நண்பர்கள் எல்லாம் வந்து நாலு வார்த்தை நல்லதா எழுதுவாங்க, அதுவும் நிஜ ஐடியில.

ரெண்டு சொல்லுல எழுதின ஒரு ஸ்டார்ல படிக்க ஒண்ணும் இல்ல. கொரியர் லேட்டா வந்ததுக்கும் ஒரு ஸ்டார் போடறவங்க இருக்காங்க.

ஆனா சாப்பிடாம இருக்கறது, பையன்கிட்ட எரிஞ்சு விழறது, இது வாரக் கணக்குல போச்சுன்னா கவிதைப் பிரச்சினைன்னு விட்டுடாதீங்க. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம். வாழ்ந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை அவரு வாயில வந்தாலும் அன்னைக்கே கூப்பிடுங்க. அவரு கூப்பிட மாட்டேன்னா நீங்க கூப்பிடுங்க.

கே: மோசமான விமர்சனத்தாலதான் கவிஞர் கீட்ஸ் செத்துப் போனார்னு எங்க மேடம் கிளாஸ்ல சொன்னாங்க. உண்மையா?
(பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவி, பாளையங்கோட்டை)

ப: இல்லடா கண்ணு. மேடம்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே. அவரு செத்தது காசநோயால, 1821 பிப்ரவரில, ரோம்ல, 25 வயசுல. அதுக்கு முன்னாடி 1818 டிசம்பர்ல அவரு தம்பி டாமும் அதே நோயாலதான் போனாரு, பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டது கீட்ஸ்தான். விமர்சனத்தால செத்தாருங்கற கதையைப் பரப்பினதுல கவிஞர் ஷெல்லிக்குப் பெரிய பங்கு உண்டு, இன்னொரு கவிஞர் பைரன் அதையே கிண்டலா "ஒரு கட்டுரை அணைச்சுடுச்சு"ங்கற மாதிரி பாட்டுல சேர்த்துட்டாரு, அப்புறம் அது ஒட்டிக்கிச்சு.

ஆனா விமர்சனம் கொடூரமா இருந்தது நிஜம். கீட்ஸ் டாக்டர் படிப்பு, மருந்துக் கடைன்னு இருந்தவரு, ஒரு பத்திரிகை "போ தம்பி, களிம்பு டப்பாவுக்கே திரும்பிப் போ"ன்னு எழுதுச்சு, எழுதினவன் பேரு போடல, வெறும் ஒரு எழுத்து, இஸட். இன்னொரு பத்திரிகையில குரோக்கர்னு ஒருத்தர், கவிதை நாலு பாகம், அதுல மொத பாகத்துக்கு மேல படிக்க முடியலைன்னு அவரே எழுதிட்டு மிச்சத்தையும் சேர்த்துத் திட்டினாரு. (திண்டுக்கல் தம்பி இதைக் கவனிக்கணும், உங்களுக்கு வாய்ச்சவரு எவ்வளவோ மேல்.) அப்போ கீட்ஸ் தன் பதிப்பாளருக்கு 1818 அக்டோபர் மாசம் எழுதின கடிதம் இருக்கு, தேடிப் படி. தன் எழுத்தைத் தானே கடுமையா பார்க்கறவனுக்குப் பாராட்டும் திட்டும் ஒரு நிமிஷ விஷயம்தான்னு சொல்றாரு, பெரியவங்க வரிசையில சேராம இருக்கறதை விடத் தோத்துப் போறதே மேலுங்கறாரு. அதுக்கடுத்த வருஷம் எழுதினதுதான் இன்னைக்கு உன் சிலபஸ்ல இருக்கற ஓட் எல்லாம். செத்துப் போற ஆளு எழுதற கடிதமா அது?

கே: என் நாவலை "குப்பை" என்று ஒருவர் எழுதியுள்ளார். மான நஷ்ட வழக்குப் போடலாமா? உடனே பதில் தேவை.
(ஓய்வு பெற்ற அதிகாரி, மதுரை)

ப: சார், கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தச் சட்டப் பிரிவை ஒரு தடவை படிச்சுடுங்க, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 499, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356. அதுல விதிவிலக்குன்னு ஒரு வரிசை வரும். பொதுமக்கள் தீர்ப்புக்குன்னு ஒருத்தர் வச்ச படைப்போட தரத்தைப் பத்தி நல்லெண்ணத்தோட கருத்து சொன்னா அது அவதூறு ஆகாது. உதாரணமே குடுத்திருக்காங்க, ஒரு புக்கை வெளியிடறவர் அதை மக்கள் தீர்ப்புக்கு விடறாருன்னு. "இந்த புக்கு முட்டாள்தனமா இருக்கு, அதனால எழுதினவர் புத்தி பலவீனமாத்தான் இருக்கணும்"னு புக்கை வச்சு சொன்னா தப்பில்லையாம். "இந்தாளு புத்தி பலவீனமான ஒழுக்கங்கெட்ட ஆளு, அவர் புக்கு இப்படி இருக்கறதுல ஆச்சரியம் இல்ல"ன்னு ஆளை வச்சு புக்கைச் சொன்னா விதிவிலக்கு கிடையாதாம். இவ்வளவு நுணுக்கமா பிரிச்சிருக்காங்க. "குப்பை"ன்னு அவரு சொன்னது நாவலையா உங்களையான்னு பார்த்துக்கங்க, உங்களைன்னா வக்கீலைப் பாருங்க, நாவலைன்னா வக்கீல் பீஸ் மிச்சம்.

இதுல ஒரு வேடிக்கை, இந்திய தண்டனைச் சட்டத்தோட முதல் வரைவைத் தயாரிச்ச கமிஷனுக்குத் தலைவர் மெக்காலே. அவரே பயங்கரமான விமர்சகர். 1830ல ராபர்ட் மான்ட்கோமரின்னு அப்போ சக்கைப்போடு போட்ட ஒரு கவிஞரை எடின்பரோ ரிவ்யூ பத்திரிகையில துவைச்சுத் தொங்கப் போட்டாரு. அந்தக் கவிஞர் புக்கு அதுக்கப்புறமும் நல்லாவே வித்துச்சு.

கே: நான் மறுபக்கம். ஒரு நாவலைப் பிடிக்கலைன்னு விரிவா எழுதினேன். எழுத்தாளர் என்னை பிளாக் பண்ணிட்டார், பொது நண்பர்கள் எல்லாம் "அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினார் தெரியுமா, எடுத்துடு"ன்னு நச்சரிக்கிறாங்க. எடுக்கணுமா?
(வாசகர், திருச்சி)

ப: புக்கை முழுசா படிச்சீங்களா, சொன்ன குறைக்குப் பக்கம் காட்டியிருக்கீங்களா, எழுதினவரோட ஜாதி, வேலை, குடும்பம், மூஞ்சி எதையும் இழுக்காம இருந்தீங்களா? அப்படின்னா எடுக்காதீங்க. கஷ்டப்பட்டு எழுதினாருங்கறது அவரு மேல மரியாதை வைக்கறதுக்குக் காரணம், நாவல் நல்லா இருக்குன்னு சொல்றதுக்குக் காரணம் இல்ல. ஒரே ஒரு வரி, ரொம்ப சாமர்த்தியமா எழுதிட்டோம்னு நீங்களே உள்ளுக்குள்ள ரசிச்ச வரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை மட்டும் வேணா எடுத்துடுங்க. பெரும்பாலும் அந்த எழுத்தாளருக்கு உங்க கட்டுரையில மனப்பாடம் ஆகியிருக்கறது அந்த ஒரு வரிதான், மிச்ச நியாயம் எல்லாம் அவரு கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது.

விமர்சனம் பண்ணா நண்பர்கள் போயிடுவாங்கங்கறது நம்ம ஊர்ல புதுசு இல்ல. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரில 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பிச்சதே விமர்சனத்துக்கு இடம் வேணும்னுதான், 1970 வரைக்கும் கையைக் கடிச்சுக்கிட்டு நடத்தினாரு, புக்கைத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தாரு. விமர்சகர் க.நா.சு. ஜனங்க தலையில வச்சுக் கொண்டாடின எழுத்தாளர்களையெல்லாம் தன் பட்டியல்ல சேர்க்கவே மாட்டேன்னுட்டாரு, அவரை எத்தனை பேர் திட்டியிருக்காங்க. உங்களை ஒருத்தர் பிளாக் பண்ணியிருக்காரு, அவ்வளவுதானே.

கே: விமர்சனம் திட்டி வந்தால் புத்தகம் விற்காதா, இல்லை அதிகம் விற்குமா?
(பதிப்பகம் தொடங்க இருப்பவர், சிவகாசி)

ப: அமெரிக்காவுல நியூயார்க் டைம்ஸ் விமர்சனங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க. ஏற்கெனவே பேர் வாங்கின எழுத்தாளரைத் திட்டினா விற்பனை சுமார் 15 சதவீதம் குறைஞ்சுதாம், யாருக்கும் தெரியாத எழுத்தாளரைத் திட்டினா சுமார் 45 சதவீதம் ஏறிச்சாம். திட்டினது மறந்துடுது, பேரு மட்டும் மனசுல நின்னுடுதுன்னு விளக்கம் சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேப்பரைப் படிக்கற கூட்டம் வேற, நம்ம சிற்றிதழைப் படிக்கற கூட்டம் வேற, நம்ம ஊர்ல முன்னூறு காப்பி போட்டுட்டு நூலக ஆணை வருமான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கற புக்குக்கு 45 சதவீதம்னா எத்தனை காப்பின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

பதிப்பாளரா நீங்க பண்ண வேண்டியது வேற. விமர்சனம் வந்ததும் கையில இருக்கற ஸ்டாக்ல நாலு காப்பியை எடுத்துப் பக்கம் பக்கமா புரட்டிப் பாருங்க. 1851ல அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லோட திமிங்கில நாவல் 'மோபி டிக்' லண்டன்ல அச்சானப்போ கடைசியில வர்ற பின்னுரையே விட்டுப் போச்சு, கதை சொல்றவன் எப்படிப் பிழைச்சான்னு சொல்ற பக்கம் அதுதான். கப்பலே முழுகிடுச்சுன்னா இந்தக் கதையைச் சொல்றது யாருன்னு விமர்சகர்கள் கிழி கிழின்னு கிழிச்சாங்க, அவங்க கையில இருந்த காப்பிக்கு அது நியாயமான கேள்வி. நம்ம பைண்டிங்ல ஃபாரம் மாறறதும் பதினாறு பக்கம் காணாம போறதும் உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா, சிவகாசிக்காரருக்கு. அப்படி இருந்தா எழுத்தாளர்கிட்ட மறைக்காதீங்க, விமர்சகருக்கு நல்ல காப்பி ஒண்ணு அனுப்பி வையுங்க, கடையில இருக்கறதைத் திருப்பி வாங்கிக்கங்க.